தொடாமல் முடி வெட்ட முடியாது

தியாகி இமானுவேல் சேகரனார் நினைவுச் சொற்பொழிவு: எழுத்து வடிவம்



இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், வீட்டிலேயே முடி வெட்டிக்கொள்வது. இதைச் சொன்னதும் சில தோழர்கள் சிரித்தார்கள். நிலம் இருக்கிறது, கல்வி இருக்கிறது, ஆணவக் கொலை இருக்கிறது, இவ்வளவையும் விட்டுவிட்டு மயிரைப் பற்றியா பேசப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஆம், மயிரைப் பற்றித்தான். எதற்கும் பெறாத ஒன்றைச் சொல்ல நம் மொழியில் மயிர் என்கிறோம். எதற்கும் பெறாத அந்த ஒன்றுக்கும் சாதி சட்டம் போட்டது. அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

அந்தச் சட்டம் எங்கே போடப்பட்டது? இமானுவேல் சேகரனார் பிறந்து வளர்ந்த அதே இராமநாதபுரம் மாவட்டத்தில். 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகளை அறிவித்தார்கள். தங்கத்திலும் வெள்ளியிலும் நகை போடக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் போடக் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. 1931 ஜூனில் தடைகள் 11 ஆயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டை மேய்க்க வேண்டும் என்பதும் அவற்றில் சேர்ந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், இந்தியச் சாதிமுறை பற்றிய தம் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தடைகளை மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன.

முதல் பட்டியல் அறிவிக்கப்பட்டபோது, 1924 அக்டோபர் 9 அன்று பிறந்த இமானுவேலுக்கு வயது 6. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டபோது வயது 32. அந்த 26 ஆண்டுக் காலம், அவர் தலைமுறை இந்தப் பட்டியலை ஒவ்வொரு வரியாக மீறிக் கிழித்த காலம். சட்டை போட்டதும் செருப்புப் போட்டதும் போராட்டம் என்று நாம் பேசுகிறோம். கிராப்பு வெட்டிக்கொண்டதும் அதே போராட்டம்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

கிராப்பு அவர்களை ஏன் உறுத்தியது? பட்டாளத்துக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் திரும்பி வரும்போது, தலையில் கிராப்போடு வந்தார்கள். கிராப்புத் தலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் சாதி தெரியாது. உடம்பில் சாதி தெரியவேண்டும் என்பதுதான் 8 தடைகளின் சாரம். ஊர் நாவிதர் நமக்கு வெட்டமாட்டார். ஆகவே தடை இருந்த ஊரில் கிராப்போடு நடந்த ஒரு தலை, ஒன்று தொலைவில் எங்கோ ஒரு டவுனில் வெட்டப்பட்டிருக்க வேண்டும், அல்லது நம் தெருவிலேயே நம் ஆள் ஒருவர் கையால் வெட்டப்பட்டிருக்க வேண்டும்.

அன்று சொன்னது, முடியை வெட்டிக்கொள்ளாதே. பிறகு பேச்சு மாறியது. வெட்டிக்கொள், ஆனால் எங்கள் கடைக்கு வராதே என்றார்கள். தடை தலையிலிருந்து இறங்கி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த நாற்காலியைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

இந்த நாட்டில் வீட்டில் முடி வெட்டிக்கொண்டவர்களில் நாம் முதலில் நினைக்க வேண்டியவர் சத்தாராவில் வளர்ந்த ஒரு சிறுவன். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தமிழில் நாம் சொல்லும் தம் நினைவுக் குறிப்புகளில் பாபாசாகேப் அம்பேத்கர் அதை எழுதியிருக்கிறார். சத்தாராவில் நாவிதர்கள் இருந்தார்கள். கூலி கொடுக்கக் குடும்பத்திடம் காசும் இருந்தது. ஆனால் தீண்டத்தகாதவன் தலையில் கை வைக்க எந்த நாவிதரும் சம்மதிக்கவில்லை. அதனால் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அக்காதான் முடி வெட்டினார். தம்பிகளின் தலையில் வெட்டிப் பழகியே அக்கா தேர்ந்த நாவிதர் ஆகிவிட்டார் என்று அவர் குறிப்பிடுகிறார். வாசிக்கும்போது அந்த இடத்தில் லேசாகச் சிரிப்பு வருகிறது. அடுத்த நொடியே அது தொண்டையில் நிற்கிறது.

இதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு தலை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரில் ஒரு வெள்ளைக்கார நாவிதர், காந்திக்கு முடி வெட்ட மறுத்தார். காந்தி உடனே ஒரு கத்தரி மிஷினை வாங்கிக் கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஓரளவு சரியாக வந்தது. பின்பக்கம் கெட்டுப்போனது. நீதிமன்றத்தில் நண்பர்கள் பார்த்துச் சிரித்தார்கள். கறுப்புத் தலையைத் தொட்டால் அந்த நாவிதர் வாடிக்கையை இழப்பார், நம் நாட்டிலும் தீண்டத்தகாதவர்களுக்கு முடி வெட்ட நாம் நாவிதர்களை விடுவதில்லையே என்று காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த நேர்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள். காந்தி தமக்கு மறுக்கப்பட்டதைத் தன் கையே தனக்குதவி என்ற கொள்கையாக மாற்றிக்கொள்ள முடிந்தது. சத்தாரா அக்காவுக்கு அது கொள்கை இல்லை. வேறு வழி இல்லாததால் பழகிய தொழில். ஒரே கத்தரிக்கோல், ஒருவர் கையில் எளிமை ஆகிறது, இன்னொருவர் கையில் தண்டனை ஆகிறது. கடையின் கதவு திறந்திருக்கும்போது மட்டும்தான் வீட்டில் வெட்டிக்கொள்வது நம் விருப்பம் ஆகும்.

தண்டனையாக வந்த அந்தத் தொழிலை நம் மக்கள் எவ்வளவு நேர்த்தியாகக் கற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் ஒரு பலகை. கழுத்தைச் சுற்றிப் பழைய வேட்டித் துண்டு. துணி வெட்டும் கத்தரி மழுங்கியிருந்தால் முடியை வெட்டாது, கடிக்கும். அதனால் முதலில் அதைச் சாணை பிடிக்க வேண்டும். தலையை நனைத்துச் சீவி, முடியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, விரலுக்கு வெளியே நிற்பதை மட்டும் வெட்டவேண்டும். ஈரத்தில் முடி நீளமாகத் தெரியும், காய்ந்ததும் மேலே ஏறிவிடும், ஆகவே கொஞ்சம் மிச்சம் விட்டே வெட்டவேண்டும். காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஓரம் எடுக்க வேண்டும். பிடரிக்குப் பாதியாய் ஒடித்த பிளேடு. கைமிஷின் வைத்திருக்கும் வீடு என்றால் அங்கே வரிசை நிற்கும். அந்த மிஷினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால் வெட்டுவதற்குப் பதில் பிடுங்கும். அழுகிற பிள்ளைக்கு ஒரு துண்டு வெல்லம்.

பள்ளிக்கூடத்தில் இந்தத் தலையைப் பார்த்துப் படிக்கட்டு வெட்டு, சட்டி கவிழ்த்த வெட்டு என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களின் தலையை யார் வெட்டினார்கள், நம் தலையை ஏன் அவர் வெட்டவில்லை என்ற கேள்வியை எந்த வாத்தியாரும் வகுப்பில் கேட்டதில்லை.

ஊரில் முடிவெட்டு ஆண்களின் தொழில். நம் வீடுகளில் அதைப் பெண்களும் செய்தார்கள். சத்தாராவில் ஓர் அக்கா என்றால், நம் தெருக்களில் எத்தனையோ அம்மாக்கள், அத்தைகள், அக்காக்கள். அவர்களில் யாருடைய பெயரும் எந்த வரலாற்றிலும் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தன் தலையின் முன்பக்கத்தை ஒருவர் கண்ணாடி பார்த்துத் தாமே வெட்டிவிடலாம். பிடரியை வெட்ட இன்னொரு கை வேண்டும். காந்திக்குக் கெட்டுப்போனதும் பின்பக்கம்தான். முடிவெட்டு என்பது தன்னந்தனியாக முடியாத வேலை. ஒருவர் கழுத்தைக் குனிந்து கொடுக்க வேண்டும், இன்னொருவர் அந்தக் கழுத்தில் கத்தியை நம்பிக்கையோடு வைக்க வேண்டும். ஒரு மனிதர் இன்னொரு மனிதரைத் தொட்டே ஆக வேண்டும்.

இங்கேதான் நாம் இன்று வற்புறுத்த விரும்பும் கருத்து இருக்கிறது. டீக்கடையில் தீண்டாமை பிழைத்துக்கொள்ள வழி கண்டுபிடித்தது. தனிக் குவளை வைத்தது. அதை எதிர்த்துப் போராடியபோது பேப்பர் கப்புக்கு மாறியது. மளிகைக் கடையில் சாமானைத் தள்ளிவைத்துக் காசைத் தட்டில் போடச் சொல்லலாம். தொடாமலே விற்கலாம், வாங்கலாம். ஆனால் தொடாமல் முடி வெட்ட முடியாது. நெற்றியைத் தொட வேண்டும், காதைத் தொட வேண்டும், தாடையைப் பிடித்துத் திருப்ப வேண்டும். இப்போது ஒருவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் அடுத்தவர் உட்கார வேண்டும், அதே துணியைப் போர்த்திக்கொள்ள வேண்டும். ஆகவே சலூனில் தீண்டாமைக்கு நடுவழி கிடையாது. ஒன்று அது ஒழிய வேண்டும், அல்லது கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பல ஊர்களில் அது கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்திய கள ஆய்வை வைத்து 2006இல் ஒரு நூல் வெளிவந்தது. அந்தக் கிராமங்களில் ஏறத்தாழ பாதியில் தலித்துகளுக்கு முடிதிருத்தும் சேவை மறுக்கப்படுவதை அது பதிவு செய்தது.

சலூன்காரர் நம் எதிரியா? இந்தக் கேள்வியை நிதானமாகப் பார்க்க வேண்டும். நாவிதர் சமூகமே சாதியால் நசுக்கப்பட்ட சமூகம். வைத்தியமும் பிரசவமும் பார்த்த மக்கள் அவர்கள். அந்தச் சாதிப் பெயரை வசைச் சொல்லாக்கி, அறுவடைக் களத்தில் கொஞ்சம் நெல்லை அளந்துபோட்டு, திண்ணைக்குக் கீழே நிற்கவைத்த ஊர்தான், 'அவன் தலையைத் தொட்ட கையோடு எங்கள் தலைக்கு வராதே' என்றும் சொல்கிறது. கதவை மூடும் கை சலூன்காரருடையது. மூடச் சொல்லும் வாய் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கைக்கும் மறுக்கத் தெரியும் என்பதற்கு வரலாறு உண்டு. 1890இல் பம்பாயில், ஜோதிராவ் புலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகாண்டே முன்னின்று அழைக்க நாவிதர்கள் கூடினார்கள். பிராமணக் கைம்பெண்களின் தலையை இனி மழிக்கமாட்டோம் என்று முடிவு செய்தார்கள். ஒடுக்குபவனின் ஏவலுக்குக் கத்தியை எடுக்கமாட்டோம் என்று சொன்ன மரபு அது. இன்றைய சலூன்காரர்களோடு நாம் பேச வேண்டியது அந்த மரபை நினைவூட்டித்தான்.

நம் தெருவுக்குள்ளும் பார்க்க வேண்டும். நமக்குத் துணி வெளுக்கவும் முடி வெட்டவும் பிறப்புக்கும் சாவுக்கும் முன்னால் நிற்கவும் புதிரை வண்ணார்கள் இருந்தார்கள். தீண்டத்தகாதவர்களுக்கும் கீழே என்று வைக்கப்பட்ட மக்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் 1994இல் வந்தபோது, ஆரோக்கியம் என்ற வண்ணாரப் பெண்ணின் வாழ்க்கை வழியாக அந்த உறவின் கசப்பு நம் வாசலிலேயே வந்து நின்றது. ஊர் நாவிதர் நம்மைத் தொடவில்லை என்று நாம் கேட்கும் நியாயம், நமக்கு முடி வெட்டியவரை நாம் எங்கே உட்காரவைத்தோம் என்ற கேள்வியையும் சேர்த்துத்தான் கேட்கும். தொழில் யாருக்கும் பிறப்பால் வரக் கூடாது. சேவை யாருக்கும் பிறப்பால் மறுக்கப்படக் கூடாது. இரண்டும் ஒரே கோரிக்கை.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தது. சலூன்கள் மூடப்பட்டன. நாடு முழுவதும் வீட்டுக்கு வீடு முடிவெட்டு நடந்தது. கணவனுக்கு மனைவி வெட்டினார், அப்பாவுக்கு மகன் வெட்டினான், செல்போனில் படம் எடுத்துப் போட்டுச் சிரித்தார்கள். புது அனுபவம் என்று எழுதினார்கள். அந்தச் சிரிப்பில் நமக்குக் கோபம் இல்லை. ஆனால் சில வாரம் சலூன் இல்லாமல் இருந்தது நாட்டுக்குச் செய்தி ஆனது. தலைமுறை தலைமுறையாகச் சலூன் இல்லாமல் இருந்த தெருக்கள் செய்தி ஆகவில்லை. அவர்களுக்கு ஊரடங்கு முடிந்ததும் கதவு திறந்தது. நம் மக்களில் பலருக்கு அதே கதவு பழையபடி மூடியே இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மாணவர்கள் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆவது பிரிவின் 2ஆவது உட்பிரிவு, கடைகளுக்குள் செல்ல எவருக்கும் தடை இருக்கக் கூடாது என்கிறது. கடை என்றால் என்ன என்ற கேள்வி 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் எழுந்தது. அம்பேத்கர், பொருள் விற்கும் இடம் என்று அதைச் சுருக்கவில்லை. கேட்டு வருபவருக்குச் சேவை வழங்கும் இடம் என்று விரித்துப் பொருள் சொன்னார். நாவிதர் மறுத்ததால் அக்காவிடம் தலையைக் குனிந்து கொடுத்த சிறுவன்தான் அன்று சட்ட அமைச்சராக அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தான். 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், கடை என்பதற்கான விளக்கத்தில் சலவைக் கடையையும் முடிதிருத்தும் நிலையத்தையும் பெயர் சொல்லியே சேர்த்தது. 1976இல் அதுவே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது.

அந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவு கடைக்குள் விடாததைக் குற்றம் என்கிறது. 6ஆவது பிரிவு சேவை மறுப்பதைக் குற்றம் என்கிறது. 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறையும் 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும் தண்டனை. 10ஆவது பிரிவின்படி, குற்றத்துக்குத் தூண்டியவருக்கும் அதே தண்டனை உண்டு. 12ஆவது பிரிவு மிக முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த் தரப்பின் பொறுப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடைக்குள் நுழையவிடாமல் தடுப்பதையும் சமூகப் புறக்கணிப்பையும் அது வன்கொடுமையாக்கியது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை தண்டனை. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கும் அதே சட்டத்தின் 4ஆவது பிரிவில் தண்டனை உண்டு.

இவ்வளவு இருந்தும் நடப்பது என்ன? புகார் போனால் சமாதானக் கூட்டம் கூடுகிறது. அங்கே ஒரு யோசனை வருகிறது. 'உங்கள் தெருவிலேயே ஒரு சலூன் வைத்துக்கொள்ளுங்களேன், கடன் வாங்கித் தருகிறோம், எதற்குச் சண்டை?' கேட்க இனிப்பாக இருக்கும். அது டீக்கடைத் தனிக் குவளையின் இன்னொரு வடிவம். தனி நாற்காலி. நம் இளைஞர்கள் முடிதிருத்தும் தொழில் கற்றுக் கடை வைப்பதை நாம் வரவேற்கிறோம். நகரங்களில் பலர் நன்றாகவே நடத்துகிறார்கள். ஆனால் அந்தக் கடை சந்தையில், பேருந்து நிறுத்தத்தில், எல்லோரும் வரும் இடத்தில் இருக்கட்டும். தெருவின் கோடியில் நமக்கு மட்டும் என்று வைத்துக் கொடுக்கும் கடையைச் சலுகையாக வாங்கிக்கொள்ள முடியாது.

'நாங்கள் வீட்டிலேயே வெட்டிக்கொள்கிறோம், அவன் கடை யாருக்கு வேண்டும்' என்று நம் பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். அதில் ரோஷம் இருக்கிறது. அந்த ரோஷத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் ஊர் அதைக் கேட்டுச் சந்தோஷப்படும். நாம் போகாத வரை அந்த நாற்காலி அவர்களுக்கு நிம்மதியானது. டவுனுக்குப் பஸ் ஏறிப் போய் வெட்டிக்கொண்டு வருவதும் அப்படித்தான். பஸ் காசு போகிறது, அரை நாள் கூலி போகிறது, அங்கேயும் 'எந்த ஊரு, எந்தத் தெரு' என்ற கேள்வி காத்திருக்கிறது. நம் ஊரின் கதவு மூடியது மூடியபடியே இருக்கிறது.

ஆகவே செயல்வீரர்களுக்கும் மாணவர்களுக்கும் சில வேலைகள். முதலாவது, உங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் எந்தச் சலூனில் யாருக்கு வெட்டுகிறார்கள் என்ற கணக்கை எடுங்கள். கேட்டு எழுதினால் போதாது, போய் உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள். இரண்டாவது, தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பேராகப் போங்கள். மறுத்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றே எழுதிவையுங்கள். மூன்றாவது, புகாரைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். புகாரில் சலூன்காரர் பெயரோடு நிறுத்தாமல், அவரைத் தடுத்தவர்கள் யார் என்பதையும் எழுதுங்கள். நான்காவது, வழக்குக்கு முன்னும் பின்னும் முடிதிருத்துவோர் சங்கத்தாரோடு பேசுங்கள். மிரட்டலுக்குப் பயந்து கதவை மூடியவர், பக்கத்தில் ஆள் நின்றால் திறக்கவும் கூடும். ஐந்தாவது, வீட்டில் முடி வெட்டிய நம் பெண்களிடமும் பெரியவர்களிடமும் போய் உட்காருங்கள். யார் கற்றுக்கொடுத்தார்கள், எந்த வயதில் கத்தரியை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று பதிவு செய்யுங்கள். அவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள்.

வீட்டில் இருக்கும் கத்தரிக்கோலைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அது நம் மானத்தைக் காத்த கருவி. இன்னும் நூறு ஆண்டுக்கு நம் பிள்ளைகளுக்கு அம்மாக்கள் முடி வெட்டட்டும். காசு மிச்சம் என்று வெட்டட்டும், ஆசைக்கு வெட்டட்டும். ஊரில் வெட்டமாட்டார்கள் என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளையும் அந்தப் பலகையில் உட்காரக் கூடாது. கத்தரி நம் கையில் இருக்கட்டும், கடையின் நாற்காலியும் நமக்கு வேண்டும். கிராப்பு வெட்டக் கூடாது என்று சொன்ன மண்ணில் தலைநிமிர்ந்து நடந்த இமானுவேல் சேகரனாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி, அவர் பெயரைச் சொல்லி அந்த நாற்காலியில் போய் உட்காருவதுதான்.

ஜெய்பீம்.